ரெகவரின்னா என்னன்னு பேங்க்காரனுக்குத் தெரியுமா?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கோவத்துல எழுதற பதிவு. யார் மேல கோவம்னு கேட்டா, லிஸ்ட்ல முதல் ஆள் நான்தான். மத்தவங்க பின்னாடி வர்றாங்க. நீங்களும் இருக்கலாம்.

நான் படிச்சது பி.காம். வேலை பொதுத்துறை வங்கியில. ஊர் ஊரா மாத்தி இப்ப வடோதராவுல குப்பை கொட்டறேன். எங்க ஆபீஸ்ல 'ரெகவரி'ன்னு ஒரு வார்த்தை உண்டு. மார்ச் மாசம் வந்துட்டா அதைத் தவிர வேற வார்த்தையே கிடையாது. வாராக்கடன் எவ்வளவு, எவனைப் புடிக்கணும், எந்த வண்டியைத் தூக்கணும், எந்த வீட்டுல நோட்டீஸ் ஒட்டணும். 2002-ல வந்த சர்ஃபாசி சட்டம் எங்க கையில ஒரு தடியையும் கொடுத்திருக்கு. இருபது வருஷமா ரெகவரின்னா இதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு ரெகவரி இருக்குன்னு எனக்குக் கத்துக் கொடுத்தது எங்க பிராஞ்ச் வாசல்ல துப்பாக்கியோட உக்காந்திருக்கிற கார்டு.

நம்ம ஆளு. குடியாத்தம் பக்கம். 2023 கடைசியில செக்யூரிட்டி ஏஜென்சி மூலமா வந்தார். பிராஞ்ச்ல எல்லாருக்கும் 'ஃபௌஜி காகா'. எனக்கும் அவருக்கும் ஒரே வயசுதான், ஆனா நான் 'சார்', அவர் 'காகா'. மெஷின்ல பாஸ்புக் சிக்கினா எடுத்துக் கொடுப்பார், ஜெனரேட்டர் நின்னா போய்ப் பார்ப்பார், கிழவிகளுக்குப் பணம் கட்டற சீட்டு நிரப்பிக் கொடுப்பார். தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசிக்குவோம். "மிலிட்டரில என்னவா இருந்தீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "மெக்கானிக் சார்"னார். சரின்னு விட்டுட்டேன். அதுக்கு அப்புறம் நான் கேட்டது என்ன தெரியுமா? "கேன்டீன் கார்டு இருக்குல்ல?" வெக்கமா இருக்கு, ஆனா உண்மை.

2024 ஆகஸ்ட் கடைசியில விஸ்வாமித்திரி ஆறு ஊருக்குள்ள வந்தது ஞாபகம் இருக்கும். டிவியில முதலை ரோட்டுல போறதைக் காட்டிக்கிட்டே இருந்தாங்களே, அது எங்க ஊர்தான். பட்டாளம் வந்து ஜனங்களைக் காப்பாத்த வேண்டியிருந்தது. தண்ணி வடிஞ்ச பிறகு ஏ.டி.எம்.முக்குப் பணம் ரொப்பப் போன கேஷ் வேன், அரிச்சுப் போன ரோட்டோரத்துல சரிஞ்சு பள்ளத்துல இறங்கிடுச்சு. மட்கார்டு வரைக்கும் சகதி. உள்ள பணம். எனக்கு வயித்துல புளி கரைஞ்சது. ஹைட்ரா கிரேன் ஒண்ணு புடிச்சாந்தோம். அந்தப் பையன் வந்ததும் பெல்ட்டை மாட்டித் தூக்க ஆரம்பிச்சான். வேன் ஒரு அங்குலம் அசையலை. கிரேனோட பின் சக்கரம்தான் தரையை விட்டுக் கிளம்புச்சு!

"ரோக்கோ!"ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா நம்ம காகா. நான் அவரை அப்படிக் கத்திப் பார்த்ததே இல்லை.

அடுத்த பத்து நிமிஷம் அவர் ஒண்ணுமே பண்ணலை. வேனைச் சுத்திச் சுத்தி வந்தார். ஒரு குச்சியை விட்டுச் சகதியோட ஆழம் பார்த்தார். வண்டி எந்தப் பக்கத்துலேர்ந்து இறங்குச்சுன்னு டயர் தடத்தைப் பார்த்தார். டிரைவர்கிட்ட எடை கேட்டார். எனக்குப் பொறுமை போயி "என்னங்க பார்த்துக்கிட்டே இருக்கீங்க"ன்னேன். "கணக்குப் போடறேன் சார்"னார்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா இதுதான் விஷயம். சேத்துல மாட்டின வண்டியை இழுக்க எவ்வளவு பலம் வேணும்? சக்கரம் வரைக்கும் புதைஞ்சிருந்தா தோராயமா வண்டியோட எடை அளவு. மட்கார்டு வரைன்னா ரெண்டு மடங்கு. கேபின் வரைன்னா மூணு மடங்கு. வேன் பணப்பெட்டியோட நாலு டன்னுன்னு வச்சுக்குங்க. மட்கார்டு வரை சேறு, அப்ப எட்டு டன். வந்த வழியிலேயே பின்னாடி இழுத்தா சக்கரம் போட்ட தடம் ஏற்கெனவே இருக்கு, அதனால பத்து சதவீதம் கழிக்கலாம், 7.2 டன். வேன்ல ஒரு கப்பியைக் கட்டி, கயித்தோட ஒரு முனையை மரத்துல கட்டி, மறுமுனையை இழுத்தா சுமை பாதி. 3.6 டன். கப்பியோட உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து நாலு டன்னு வை.

"பத்து டன்னுக்கு மேல எடை உள்ள கிரேன், கெட்டி ரோட்டுல நின்னு நாலு டன்னை இழுக்கும் சார். ஆனா பள்ளத்துக்குள்ள கையை நீட்டி எட்டு டன்னைத் தூக்காது. கவுந்துடும்."

வேப்பமரத்தோட அடியில சாக்கைச் சுத்திக் கயித்தைக் கட்டினார். நடுமரத்துல கட்டலை, வேரை ஒட்டி. பக்கத்து லாரி ஷெட்டுலேர்ந்து கப்பியும் ஷேக்கிளும் வந்துச்சு. இரும்புக் கயித்து மேல ஒரு பழைய கம்பளியைப் போட்டார், அறுந்தா விசிறி அடிக்காம இருக்க. நின்ன கூட்டத்தையெல்லாம் கயித்தோட நீளத்துக்கும் அந்தப் பக்கம் துரத்தினார், என்னையும் சேர்த்து. கிரேன்கார பையன்கிட்ட, "தூக்காதே, சும்மா முன்னாடி போ, மெதுவா"ன்னார். அவ்வளவுதான். படுத்திருந்த எருமை சோம்பலா எழுந்திரிக்கிற மாதிரி வேன் எழுந்து வந்துச்சு. ஒரு கீறல் இல்லை.

அன்னிக்கு சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் கேட்டேன். இ.எம்.இ. படைப்பிரிவுல ரெகவரி மெக்கானிக். 24 வருஷ சர்வீஸ். ராஜஸ்தான் மணல், பஞ்சாப் வாய்க்கால், லடாக் பனி, எல்லா இடத்துலயும் மாட்டின வண்டியை மீட்கறதுதான் வேலை. கடைசிப் போஸ்டிங் இங்கேயே, வடோதரா இ.எம்.இ. ஸ்கூல்ல, பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர். ஹவில்தாரா ரிட்டயர் ஆகி, பொண்ணு படிப்புக்காக இங்கேயே தங்கிட்டார்.

"இதை வச்சே ஒரு தொழில் பண்ணலாமே, ஏன் இங்க வந்து ஸ்டூல்ல உக்காந்திருக்கீங்க?"ன்னு பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "லோன் கேட்டேன் சார், கிடைக்கலை"ன்னார். எந்த பேங்க்குன்னேன். டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு எங்க பிராஞ்ச் போர்டைப் பார்த்தார்.

மறுநாள் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். 2023 மார்ச். ஹைவேயில கவுந்த லாரிகளை மீட்க, பழைய பத்து டயர் சேஸிஸ் ஒண்ணு, வின்ச், கயிறு, கப்பி சாமான்கள். மொத்தம் 16 லட்சம். அழகா, கோடு போட்ட பேப்பர்ல, கையால எழுதின திட்ட அறிக்கை. நேர்ல பார்த்துப் பேசினது எங்க ஃபீல்டு ஆபீசர். ஃபைல்ல நிராகரிக்கக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?

"விண்ணப்பதாரருக்கு இத்தொழிலில் முன்னனுபவம் இல்லை."

இருபத்துநாலு வருஷம் அதே வேலையைப் பண்ணி, அதைக் கத்துக் கொடுக்கவும் செஞ்ச ஆளுக்கு முன்னனுபவம் இல்லையாம். டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் ஃபைல்லயே இருக்கு. 'டிரேட்: ரெகவரி மெக்கானிக்'னு தெளிவா இருக்கு. பேரைப் பார்த்தாலே தமிழ்னு தெரியும். பார்த்திருந்தாத்தானே? மார்ச் மாசம். நான் என் ரெகவரில பிஸி.

ஆறு மாசம் கழிச்சு அதே பிராஞ்ச்சுக்குக் காவலுக்கு அனுப்பிச்சாங்க. தினமும் காலைல எனக்கு சல்யூட் அடிச்சார். ஒரு வார்த்தை சொல்லலை.

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

எங்க ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். "ஒரே ஒரு வண்டியை நம்பின தொழில், மாசாமாசம் வருமானம் உறுதி இல்லை, ரிஸ்க்." ஒத்துக்கறேன். அப்ப அதை எழுதியிருக்கணும். ரிஸ்க்குன்னு எழுதியிருந்தா அவர் பதில் சொல்லியிருப்பார், டோல் ரோடு கான்ட்ராக்ட்காரன்கிட்ட கடுதாசி வாங்கி வந்திருப்பார், உத்தரவாதத் திட்டத்துல போட முடியுமான்னு நானும் பார்த்திருக்கலாம். 'முன்னனுபவம் இல்லை'ன்னு எழுதினது ரிஸ்க் இல்லை, பொய். கஷ்டப்படாம ஃபைலை மூட ஒரு வசதியான பொய்.

இதுல வேடிக்கையைக் கேளுங்க. பதினஞ்சு வருஷ சர்வீஸும் ராணுவக் கல்விச் சான்றிதழும் இருந்தா, டிகிரி இல்லாத முன்னாள் ராணுவத்தினரும் எங்க பேங்க் கிளார்க் பரீட்சை எழுதலாம்னு விதி இருக்கு. ஆக, கவுண்ட்டர்ல உக்கார அவரோட சர்வீஸ் டிகிரிக்குச் சமம். அதே சர்வீஸ், அவர் பண்ணின அதே வேலையைத் தொழிலாப் பண்ணக் கடன் கேட்டா, பூஜ்யம்.

இட ஒதுக்கீட்டைப் பாருங்க. பொதுத்துறை வங்கிகள்ல முன்னாள் ராணுவத்தினருக்குக் கிளார்க் நிலையில 14.5 சதவீதம், கடைநிலையில 24.5 சதவீதம். அதிகாரி நிலையில ஒதுக்கீடு கிடையாது. கீழ போகப் போக இடம் கூடுது, மேல போனா காணாமப் போகுது. பட்டாளத்துக்காரன்னா வாசல் காக்கறவன்னு நாம முடிவு பண்ணி வச்சிருக்கோம். கம்ப்யூட்டர் பார்த்தவனா, ரேடார் பார்த்தவனா, டாங்க் எஞ்சினைப் பிரிச்சுக் கோத்தவனா, யாருக்குக் கவலை? வெளியே வந்தா எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே ஸ்டூல், ஒரே பன்னெண்டு போர் துப்பாக்கி.

காவல் வேலையை நான் கேவலமாச் சொல்லலை. இஷ்டப்பட்டு வர்றவங்க வரட்டும். வேற கதவையெல்லாம் சாத்திட்டு இது ஒண்ணைத் திறந்து வச்சுட்டு, "அவங்களுக்கு இதுதான் செட் ஆகும்"னு சொல்றோமே, அதைத்தான் சொல்றேன்.

அடுத்தது, "பென்ஷன் வருதே, அப்புறம் என்ன?" எனக்கும் வயசானா காசு வரும். அதுக்காக நாற்பத்தி மூணு வயசுல என் கணக்கு அறிவைக் கழட்டி வச்சுட்டு கேட்டுல நில்லுன்னு யாராவது சொன்னா சும்மா இருப்பேனா? சிப்பாய், ஹவில்தார் எல்லாம் பெரும்பாலும் நாற்பதை ஒட்டி வெளிய வந்துடறாங்க. பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது படிக்கிற வயசு. கையில இருக்கிற வித்தையோட உச்சத்துல நிக்கிற வயசு.

இன்னொண்ணு, "அதான் கிரேன் இருக்கே, இதுக்கு எதுக்குப் பட்டாளத்து ஆளு?" அந்த வேன்கிட்ட நின்னிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. ஹைவேல கவுந்த டேங்கரைக் கிரேன் வச்சு இழுக்கறதைப் பார்த்திருப்பீங்க. சுத்தி இருநூறு பேர் வேடிக்கை. விறைச்சு நிக்கிற கயித்துக்கு ரெண்டடி தள்ளி ஒருத்தன் செல்போன்ல படம் எடுக்கறான். உள்ள என்ன இருக்கு, கேஸா, ஆசிடான்னு யாரும் கேக்கலை. கயிறு அறுந்தா ஆளை ரெண்டாக்கிடும்னு யாருக்கும் தெரியலை. கிரேன் இருக்கு, சரி. கணக்குத் தெரிஞ்ச ஆள் எங்கே? அவர் எங்க பிராஞ்ச் வாசல்ல டோக்கன் கொடுத்துக்கிட்டு இருக்கார்.

பட்டாளத்துல இந்த வேலை எவ்வளவு பெரிசுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இ.எம்.இ. ஆரம்பிச்சது 1943-ல, வருஷாவருஷம் அக்டோபர் 15 அவங்க தினம். நம்ம ஆவடியில டி-72, டி-90 எல்லாம் செஞ்சாங்கன்னு பெருமைப்படறோம் இல்லையா? டி-72 நாற்பது டன்னுக்கு மேல. அதே கணக்கைப் போடுங்க. மட்கார்டு வரை புதைஞ்சா எண்பது டன்னுக்கு மேல இழுக்கணும். அதுவும் சண்டை நடக்கும்போது, ராத்திரில, விளக்குப் போடாம.

1965 செப்டம்பர்ல பஞ்சாப்ல அசல் உத்தர் சண்டை. வாய்க்காலை உடைச்சு வயல்ல தண்ணி விட்டதுல பாகிஸ்தானோட பேட்டன் டாங்குகள் சேத்துல மாட்டிச்சு. அப்துல் ஹமீது பேரு நமக்குத் தெரியும், தெரியத்தான் வேணும். சண்டை முடிஞ்சதும் பிடிபட்ட டாங்குகளை பிக்கிவிண்ட்ல வரிசையா நிறுத்தி, அந்த இடத்துக்கே 'பேட்டன் நகர்'னு பேரு வந்துச்சு. அப்புறம் பல ஊர் முச்சந்தியில வெற்றிச் சின்னமா வச்சாங்க. நாம பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். நாற்பத்தஞ்சு டன் இரும்பு சேத்துலேர்ந்து தானா எழுந்து நடந்து வந்துச்சா? யாரோ இடுப்பளவு சகதியில இறங்கி ஷேக்கிள் மாட்டினாங்க. அவங்க பேரை யாரும் கேக்கலை.

தண்ணியோட விளையாட முடியாதுங்கறதுக்கு 2024 ஜூன் ஒண்ணு போதும். லடாக்ல ஷியோக் ஆத்துல பயிற்சியின்போது டி-72 டாங்க் ஒண்ணு மாட்டிக்கிச்சு, வெள்ளம் சட்டுனு ஏறி அஞ்சு வீரர்கள் போயிட்டாங்க. மீட்கப் போனவங்களாலயும் அந்த வேகத்துல ஒண்ணும் பண்ண முடியலை. அந்த மாதிரி ஆத்துல இறங்கற வேலையைத்தான் நான் "மெக்கானிக் தானே"ன்னு தாண்டிப் போனேன்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். பேங்க்கை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்லை.

வடோதராத் தமிழர்களே, வியாழக்கிழமை ஆனா இ.எம்.இ. வளாகத்துல இருக்கிற தட்சிணாமூர்த்தி கோயிலுக்கு ஓடறோம். தங்கமணி கொண்டைக்கடலை மாலையோட கிளம்பிடுவாங்க, நான் வண்டி ஓட்டுவேன். வெள்ளி மாதிரி மின்னற அந்த அலுமினியக் கூரையைப் பார்த்து ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்க வாயைப் பிளப்பாங்க. 1966-ல அதைக் கட்டினது யாரு? இந்த ஸ்கூல்ல இருந்த பட்டாளத்துக்காரங்கதான். முன்னால நின்னவர் பிரிகேடியர் யூஜின், கிறிஸ்தவர். வாயைத் திறக்காமலே வித்தை சொல்லிக் கொடுக்கிற குருவுக்கு, வித்தை சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்காரங்க கட்டின கோயில். கோயிலுக்குள்ள கும்பிட்டுட்டு வெளிய வந்து, அதே பள்ளிக்கூடத்து வாத்தியாரை "காகா, அந்தக் கேட்டைத் திற"ங்கறோம்.

நம்ம வீட்டு ஃபங்ஷன்ல எக்ஸ் சர்வீஸ்மேன் ஒருத்தர் வந்தா என்ன கேக்கறோம்? கேன்டீன்ல மிக்ஸி என்ன விலை, கோட்டால ரெண்டு பாட்டில் கிடைக்குமா. பையன் மெக்கானிக்கல் எஞ்சினியரிங்னா நாக்குல எச்சில் ஊறுது. அந்தப் பையன் எஞ்சினைத் தொட்டே பார்த்திருக்க மாட்டான், சாஃப்ட்வேர்லதான் வேலை. இருபத்துநாலு வருஷம் எஞ்சினோட பொழங்கினவர் மெக்கானிக். 'வெறும்' மெக்கானிக். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் இருக்கு. அங்க கூட ரிட்டயர் ஆகி வந்தவங்களை "என்ன, எங்க செக்யூரிட்டி?"ன்னுதான் கேக்கறாங்கன்னு நம்ம ஹவில்தார் சொன்னார்.

இது பழைய கதை இல்லை, இனிமேதான் பெரிசாகப் போகுது. 2022 ஜூன்ல அக்னிபத் திட்டம் வந்துச்சு. அறிவிச்சபடி நாலு வருஷ சர்வீஸ், அதுல கால்வாசிப் பேர்தான் தொடர்ந்து இருப்பாங்க. முதல் அணிக்கு நாலு வருஷம் முடியறது 2026 கடைசி, 2027 தொடக்கம். திட்டம் சரியா தப்பான்னு இங்க சண்டை போடலை, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. என் கேள்வி ஒண்ணுதான். இருபத்துநாலு வருஷம் பண்ணினவருக்கே 'முன்னனுபவம் இல்லை'ன்னு எழுதின கை, நாலு வருஷம் பண்ணின இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு என்ன எழுதும்?

திட்டி முடிச்சாச்சு, என்ன செய்யணும்னு சொல்லணும் இல்லையா?

ஒண்ணு: பேங்க்குல இருக்கிற நம்ம ஆளுங்க, டிஸ்சார்ஜ் புக்கைப் பிரிச்சு 'டிரேட்'ங்கற இடத்தைப் படிங்க. புரியலைன்னா விண்ணப்பதாரரைக் கூப்பிட்டுக் கேளுங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த சர்வீஸைத் தொழில் அனுபவமாக் கணக்குல எடுத்துக்கணும்னு ஒரு சர்க்குலர் வந்தா பாதிப் பிரச்னை தீரும்.

ரெண்டு: டோல் ரோடு, லாரி பிசினஸ், இன்ஷூரன்ஸ்ல இருக்கிறவங்க, நாமக்கல், சங்ககிரி பக்கம் சொந்தக்காரங்க உள்ளவங்க, ஒரு கிரேன் வாங்கற காசுல கால்வாசி கூட ஆகாது, கணக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை வேலைக்கு வைங்க. கவுந்த லாரியில மிச்சமாகற சேஸிஸ் அவர் சம்பளத்தைக் கொடுத்துடும்.

மூணு: அடுத்த தடவை எக்ஸ் சர்வீஸ்மேனைப் பார்த்தா, கேன்டீனைப் பத்திக் கேக்காம "என்ன டிரேட்?"னு கேளுங்க. காசு செலவில்லாத வேலை.

நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. அந்த ஃபைல் நோட்டிங்கோட நகலை வச்சு, நான் எழுதினது தப்புன்னு என் பேர் போட்டே மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பதில் இன்னும் வரலை. ஹவில்தார்கிட்ட போய், மறுபடியும் அப்ளை பண்ணுங்க, ஃபைலை நானே எடுத்துக்கிட்டுப் போறேன்னேன். "பொண்ணு ப்ளஸ் டூ சார். இந்த வருஷம் வேணாம், பார்க்கலாம்"னு சிரிச்சார். அது மறுப்பா மன்னிப்பான்னு எனக்குத் தெரியலை. கேட்டுத் தெரிஞ்சுக்கவும் தைரியம் இல்லை.

மறுநாள் காலைலயும் சல்யூட் அடிச்சார். இப்பல்லாம் நானும் எழுந்து நின்னு திருப்பி அடிக்கறேன். ஸ்டாஃப் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

பி.கு: மழைக்காலம் வரும், எங்கயாவது வண்டி இழுக்கறதைப் பார்ப்பீங்க. கயித்துப் பக்கத்துல நிக்காதீங்க, கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. குழந்தைகளைக் கட்டாயம் தள்ளி நிறுத்துங்க. இதைக் கட்டாயம் எழுதணும்னு சொன்னவர் ஹவில்தார்தான்.